பூஜையில் வைத்த துப்பாக்கி

...இல்லை, நான் வைத்த பொட்டு இப்படி இருக்காது, துப்பாக்கிக் கட்டையில் சந்தனத்தை வட்டமாக வைத்து அதன் நடுவில்தான் குங்குமம் வைத்தேன், இப்போது குழல் பக்கமாக இழுபட்டுக் கிடக்கிறது, யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார்? பல்லியா? பல்லி ஓடினால் இப்படியா இழுபடும்... இது விரல், அதுவும் சின்ன விரல். நேற்று ஆயுத பூஜை, இன்று காலை கற்பூரம் காட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுக்கலாம் என்று குளித்துவிட்டு வந்து நிற்கிறேன், அரை மணியில் ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டி உப்பளத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கும், அதில் நான்தான் கன்மேன், துப்பாக்கியும் என்னுடையது, இரட்டைக்குழல், லைசென்ஸ் பலராமன் என்ற என் பேரில். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். இதை வேறு யாரும் தொட்டதில்லை, பீரோ சாவி அரைஞாண் கயிற்றிலேயே கிடக்கும், குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டேன். ஒரே ஒரு ராத்திரி வெளியே இருந்தது, அதுவும் சாமி முன்னால்.

பக்கத்து வீட்டு ரமீஜாவின் மகன் ஹாதி, அவன்தான், நேற்று சாயங்காலம் பொரி வாங்க வந்தானே, ஒன்பது வயசு, கண் இமைக்காமல் துப்பாக்கியையே பார்த்தான். “நெசத் துப்பாக்கியா அங்கிள்?” என்று கேட்டான். “நெசந்தான்டா” என்று நான் மீசையைத் தடவினேன்... பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் போன் வந்தது, வாசலில் நின்று பத்து நிமிஷம் பேசினேன், தனக்கொடி அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள், உள்ளே அவனும் என் மகள் செல்வியும் மட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்தான்? எந்நேரமும் மொபைலில் டமால் டுமீல் என்று விளையாடுகிற பையன். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியா, பார்த்தானா... நினைவில்லை, ஆனால் பார்க்கவில்லை என்று நினைக்கத்தான் மனம் விரும்புகிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை மேல் எவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தனக்கொடி மேலும் சந்தேகம்தான், பூ மாற்றுகிறேன் என்று நகர்த்தியிருப்பாளா? கேட்டால் நேற்று ராத்திரி நடந்ததைத் தூக்கி என் முன்னால் போடுவாள். “இத மட்டும் பீரோல வெச்சிப் பூட்டிடுங்களேன்” என்றாள், “சாமிகிட்ட வெச்சத விடியறதுக்குள்ள எடுப்பாங்களாடி?” என்று எரிந்து விழுந்தேன். அவள் சுண்டல் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

கூடத்தில் செல்வி எட்டாம் வாய்ப்பாட்டைக் கத்திப் படித்துக்கொண்டிருக்கிறாள், விஜயதசமியன்று எழுந்ததும் நாலு வரி படிக்க வேண்டும், பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து... எடுத்து... அந்தக் கணக்குப் புத்தகம் எங்கே இருந்தது? புத்தகங்களை அடுக்கி மேலே துண்டு விரித்து அதன்மேல்தானே துப்பாக்கியைச் சாய்த்தேன், எடுப்பாக இருக்கும் என்று. “செல்வி, இதத் தொட்டியாம்மா?” “புக்கு எடுக்கத்தாம்பா, ஓரமாத் தள்ளி வெச்சேன்.” “எதப் புடிச்சித் தள்ளுன?” அவள் ஆள்காட்டி விரலை வளைத்துக் காட்டினாள். “இந்த வளையத்த.” விசை இருக்கிற வளையம். சரி, பயப்பட ஒன்றுமில்லை, காலித் துப்பாக்கிதானே, காலியாகத்தான் வைத்தேன், குழலை மடித்துத் திறந்து இப்போதே காட்டிவிடலாம் என்று திறக்கிறேன்... வலது குழலில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கிறது.

தோட்டா செருகும் பெல்ட்டைப் பார்க்கிறேன், ஒரு இடம் காலி. ஹாதி, ஹாதிதான், பெல்ட்டும் பக்கத்திலேயே இருந்ததே, எடுத்துப் போட்டிருப்பான், இப்போதே போய் ரமீஜாவைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன்... முந்தாநாள் குருசுக்குப்பம் ஏடிஎம்மில் இரண்டு பேர் பைக்கோடு நின்று நின்று பார்த்தார்களே, அப்போது நானே ஒரு தோட்டாவைக் குழலில் போட்டேன். எடுத்தேனா? வண்டியில் ஏறியதும் எடுத்திருப்பேன், எப்போதும் எடுப்பேன். நேற்று எண்ணெய்த் துணியால் துடைத்தேனே, வெளியே மட்டும்தான் துடைத்தேனா? பட்டாளத்தில் புதுப் பையன்களிடம் கையில் வாங்கினால் திற, கொடுத்தால் திற என்று தொண்டை வறளக் கத்தியவன், பூஜைக்கு வைக்கும் முன் திறந்து பார்த்தேனா... துண்டு விரித்தது ஞாபகம் இருக்கிறது, சந்தனம் குழைத்தது ஞாபகம் இருக்கிறது, திறந்தது மட்டும் வரவே இல்லை. வாசலில் வண்டி ஹாரன் அடிக்கிறது. “என்னங்க ஆச்சி, ஏன் இப்டி நிக்கிறீங்க?” என்று தனக்கொடி வருகிறாள், “பசங்க...” என்று ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவு கெட்டியான குழலை மடித்து, தோட்டாவைப் போட்டு, சத்தமில்லாமல் மூட ஒன்பது வயசுப் பையனால் முடியுமா? முடிந்திருக்க வேண்டும், சாமி, முடிந்திருக்க வேண்டும்... படத்தைப் பார்த்து நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன்? துப்பாக்கியில் தோட்டாவை ஒரு குழந்தை போட்டிருக்க வேண்டும் என்றா?