நாற்பத்தொரு மேற்கோள்

விஜயராணி மேடத்தை நான் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. பதின்மூன்று வருடத்தில் ஐந்தே ஐந்து கட்டுரை எழுதியவரை, ஒரே வருடத்தில் நாற்பத்தொரு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

அவிநாசிபாளையம் தாண்டி இருக்கிற எங்கள் பொறியியல் கல்லூரியில் அவரும் நானும் கணிதத் துறை. பனியன் கம்பெனி நடத்தும் பொங்கியண்ணன்தான் தாளாளர். ஆராய்ச்சிக்கென்று புதிதாக டீன் பதவி ஒன்றை அறிவித்திருந்தார். இருப்பது ஒரே நாற்காலி. என் கணக்கில் எண்பத்தாறு கட்டுரை, தொள்ளாயிரம் மேற்கோள். எனக்குத்தான் என்று என் மனைவி சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் குறுக்கே வந்து நின்றது இந்த நாற்பத்தொன்று.

மேடத்தின் பாடம் இயற்கணித இடத்தியல். ஒரு பொருளை இழுத்தாலும் நசுக்கினாலும் மாறாதது எது, அதில் எத்தனை ஓட்டை என்று பார்க்கிற கணிதம். ஒருமுறை தாளாளரிடமே பனியனுக்கு மூன்று ஓட்டைதான் என்று சொல்லிவிட்டார். கழுத்து, இரண்டு கை, இடுப்பு என்று விரல்விட்டு நான்கு எண்ணிக் காட்டினார் தாளாளர். "விரிச்சுப் போட்டா ஒண்ணு விளிம்பாயிரும் சார், மிச்சம் மூணுதான்" என்றார் இவர். மேடத்துடையது விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா இன்னமும் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறார். திருப்பூர்க்காரருக்கே பனியனைப் பற்றிப் பாடம் நடத்த என்ன தைரியம்!

நாற்பத்தொன்றையும் தேடி எடுத்தேன். எல்லாமே அவருடைய ஒரே கட்டுரையைத்தான் சுட்டின. போலந்தில் நாலு பேர், ஜப்பானில் மூன்று பேர், பிரேசிலில் ஒரு கூட்டம். திரும்பத் திரும்ப அதே பெயர்கள். ஆள் பிடித்துவிட்டார் என்று புரிந்துபோனது. எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாதா? ஆறு கல்லூரிக்காரர்கள் சேர்ந்து நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒருவர் கட்டுரை அச்சுக்குப் போகும்போது மற்ற ஐந்து பேரின் கட்டுரைகளையும் அடியில் மேற்கோளாகச் சேர்ப்பார். சமயத்தில் ஆசிரியர் வரிசையில் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். அது ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை. வெளிநாட்டில் ஆள் வைத்துச் செய்வது வேறு.

மறுநாள் மதியம் துறை அறையில் லேப்டாப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்த மேடம், நான் உள்ளே வந்ததும் முடித்துக்கொண்டார். அதுவும் உறுத்தியது.

"யாருங்க மேடம்? ரொம்பப் பழக்கமுங்களா?"

"பழக்கமெல்லாம் இல்ல சார். போன மாசம் அவராத்தான் மெயில் போட்டாரு. அந்தக் கட்டுரையோட ப்ரூஃப்ல ஒரு படி புரியலையாம். அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

முன்பின் தெரியாதவன் சும்மா கூப்பிட்டு விளக்கம் கேட்பானாம்! எண்பத்தாறு கட்டுரை எழுதிய என்னை இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லையே.

அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் போய்த் தாளாளரைப் பார்த்து, மேடத்தின் நாற்பத்தொன்றும் பொய் என்றேன். தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் மேசை பக்கத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சுரேஷ் சார், எதை வெச்சுப் பொய்யின்னு சொல்றீங்க?"

"யாரு மேடத்தை மேற்கோள் காட்டியிருக்காங்க, பதிலுக்கு இவங்க அவங்களைக் காட்டியிருக்காங்களான்னு ஒப்பிட்டுப் பார்த்தாத் தெரிஞ்சுருமுங்க."

"நல்ல செக்கிங்தானுங்க. ஆனா ஒரு பீஸ்ல டவுட்டு வந்துட்டா நாங்க அதை மட்டும் பாக்கறதில்லீங்க. ஒட்டுன பொட்டியெல்லாம் பிரிச்சு மொத்த லாட்டையும் பாத்துப்போடுவோம். எல்லா வாத்தியாருத்தையும் பாத்துரலாமுங்க."

"எல்லாருத்தையும் எதுக்குங்க..."

"ஒண்ணை மட்டும் பாத்தா அது செக்கிங்கே இல்லீங்களே."

செக்கிங் சூப்பர்வைசர் சித்ராதேவியை அங்கேயே கூப்பிட்டு, நான் சொன்ன வழியை என் வாயாலேயே அந்தப் பெண்ணுக்கு விளக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் விளக்கினேன்.

ஒரு வாரம் கழித்து மேடத்தையும் என்னையும் தாளாளர் தன் அறைக்கு அழைத்தார். சித்ராதேவி தாளைப் பார்த்து வாசித்தாள்.

"மேடத்துது நாப்பத்தொண்ணுங்க. பதிலுக்கு இவங்க போட்டது ஒண்ணுகூட இல்லீங்க. சுரேஷ் சாருத்து தொள்ளாயிரமுங்க. அதுல எண்ணூத்தி எழுவது அஞ்சே பேரு போட்டதுங்க. அந்த அஞ்சு பேருத்தையும் சாரு விடாமப் போட்டிருக்காருங்க."

அவமானம் பிடுங்கித் தின்றது. தாளாளர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பதிலுக்குப் பேசிச் சமாளித்திருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் பேசினார்.

"எங்க செக்கிங் தப்பாவும் இருக்கலாமுங்க சார். எனக்கென்ன மேத்ஸா தெரியும்? அந்த எம்பத்தாறுல நீங்களே உக்காந்து செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மேடம் படிச்சுப் பாக்கட்டும். உருப்படியா இருந்தா டீன் நீங்கதானுங்க."

விஜயராணி பேனாவை எடுத்தார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"தலைப்பைச் சொல்லுங்க சார். நிதானமாப் படிச்சிட்டுச் சொல்றேன்."

எண்பத்தாறையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதை உண்மையில் எழுதிய வேறு யாரோ முன்னால் வந்து நின்றார்கள். கடைசியில் முனைவர் பட்டத்துக்காக எழுதிய முதல் கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதையாவது நான்தான் எழுதினேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.