பொத்தான் கடையில் கூட்டம்

ஒரு நகரத்தின் இதயம் அதன் கடைவீதியில்தான் துடிக்கிறது என்று வணிகர் சங்கத் தலைவர் முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர், தன் கடையில் மின்விசிறி ஓடவில்லை என்பதால் வந்தவர்.

தலைவருக்குத் தொழில் செருப்புக்கடை. இதயத்தைப் பற்றி அவர் பேச நேர்ந்தது பொத்தான் அக்காவால். பொத்தான், ஜிப், லேஸ், நூல்கண்டு விற்கும் அவள் கடைதான் அந்த வரிசையிலேயே ஒடுக்கமானது. வரிசை முழுவதும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அவர் படுத்த படுக்கையாகிவிட, இங்கே யார் முகமும் தெரியாத வெளியூர் மருமகன் பொறுப்பெடுத்திருந்தார். நாளைக் காலையில் வருவதாகவும், வியாபாரம் இல்லையென்றால் கடையைச் செல்போன் கம்பெனிக்குக் கொடுக்கப்போவதாகவும் அக்காவுக்குப் போன் செய்திருந்தார். மற்ற யாருக்கும் போன் வரவில்லை. ஆகவே ஆபத்து அக்காவுக்கு மட்டும்தான் என்று சங்கம் ஏகமனதாக முடிவு செய்தது.

“இதை விட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாதுண்ணே” என்றாள் அக்கா.

“நாங்க எதுக்கும்மா இருக்கோம்?” என்றார் தலைவர். “நாளைக்கு உன் கடையில நிக்க இடம் இருக்காது பாரு. எல்லாரும் வர்றோம், வாங்குறோம்.”

“காசு குடுத்தா?” என்றார் பாத்திரக்கடைக்காரர்.

“பின்ன? சும்மா பாத்துக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு வேடிக்கை.”

மறுநாள் காலை அவரவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் அக்கா கடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். காலமெல்லாம் விற்றே பழகியவர்களுக்கு வாங்கத் தெரியவில்லை. பாத்திரக்கடைக்காரர் ஒரு கோட்டுப் பொத்தானை மேஜையில் தட்டி, காதருகே வைத்துப் பார்த்தார்.

“சத்தமே கனமா இல்லையேம்மா.”

“அது பொத்தான்ண்ணே. சட்டையில தைக்கிறது.”

கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு ஜிப்பின் பற்களை ஆராய்ந்து, “இது ரிப்பேருக்கு வந்ததா?” என்று கேட்டார். இதற்கிடையில், கையில் ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் வாசலில் எட்டிப்பார்த்தாள். உள்ளே இருந்த நெரிசலைக் கண்டு, “அப்புறமா வர்றேன்க்கா” என்று போய்விட்டாள். அந்த வாரத்தில் வந்த ஒரே நிஜ வாடிக்கையாளர் அவள்தான்.

மருமகன் வந்தார். அவரைப் பார்த்ததும் தலைவர் பழக்கதோஷத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “வாங்க, உட்காருங்க” என்றார். அக்கா பலமாக இருமினாள். தலைவர் சுதாரித்துத் திரும்பினார்.

“லேஸ் குடும்மா. சிவப்புல.”

“எவ்வளவு?”

“ஒரு… இருபது மீட்டர்.”

“அவ்வளவு எதுக்குண்ணே?” என்றார் கடிகாரக்காரர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“வீட்ல கேட்டா.”

“அண்ணி ஊர்லயே இல்லையே!”

தலைவர் பார்த்த பார்வையில் கடிகாரக்காரர் மறுபடி ஜிப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். அக்கா அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்தாள்.

மருமகனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பரவால்லையேம்மா, பிரமாதமான கூட்டம். நீங்க நிம்மதியா நடத்துங்க.” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. “வர்ற வழியில மத்த கடையெல்லாம் பார்த்தேன். ஈ காக்கா இல்ல. அதுலயும் மூணாவதா இருக்கிற அந்தச் செருப்புக்கடையில கடைக்காரரே இல்ல! நல்ல அகலமான இடம். செல்போன்காரங்களுக்கு அதையே குடுத்துடலாம்.”

 அது தன் கடை என்று தலைவர் சொன்னால் அக்காவின் கூட்டம் போலி என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தன் கடை போய்விடும். தலைவர் லேஸ் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நீங்க இந்தப் பக்கந்தானே சார்? அந்தச் செருப்புக்கடை எப்படி?” என்று மருமகன் அவரிடமே கேட்டார்.

“ரொம்ப நல்ல கடைங்க” என்றார் தலைவர். “செருப்புன்னா நான் அங்க மட்டுந்தான் வாங்குவேன். தயவுசெஞ்சு காலி பண்ணிடாதீங்க.”

மருமகன் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

தலைவர் போட்டிருந்தது நெடுஞ்சாலை மாலில் தள்ளுபடியில் வாங்கிய செருப்பு. பட்டையில் மாலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.