மொட்டுக் காலத்தில் கூப்பிட்ட பெயர்

சாபருவா தீவில் கிராம்பு மரங்கள் மொட்டு விட்டுவிட்டால் அவற்றைப் பிள்ளைத்தாய்ச்சி என்பார்கள். தோப்புக்குள் நுழையும் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். நெருப்பு கொண்டுபோகக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது. மரம் திடுக்கிட்டால் மொட்டெல்லாம் கொட்டிவிடும்.

அந்தத் தோப்பில்தான் யோசெபாவின் ஆறு வயது மகள் லெனாவைக் காணோம்.

மதியத்திலிருந்து ஊரே தேடியது, வாயைத் திறக்காமல். மரத்துக்கு மரம் சருகு மிதிபடும் ஓசை மட்டும்தான். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஓத்னியேல் அண்ணே, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேனே," என்று யோசெபா தோப்புக் காவலரிடம் கெஞ்சினாள்.

"மெதுவாப் பேசு தாயி. ஊருக்கே இந்த விளைச்சல்தான். பள்ளத்துப் பக்கம் ஆள் அனுப்பியிருக்கேன்ல?"

"மழை வந்தா பள்ளத்துல வெள்ளம் பாயுமே!"

பக்கத்து வீட்டு தீனா அவள் காதருகே வந்தாள். "இவரு வீட்டுல பொண்டாட்டிகிட்டப் போடுற சத்தத்துக்குத் தீவுல ஒரு மொட்டு மிஞ்சியிருக்காது. இங்க வந்து நமக்குப் புத்தி சொல்றாரு!"

யோசெபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 'தோப்புக்குள்ள வாயத் திறக்கக் கூடாது' என்று காலையில் லெனாவை மிரட்டி வைத்தவளே அவள்தான். பிள்ளை எங்கே விழுந்து கிடந்தாலும் சத்தம் போடமாட்டாள்.

மேலே இடி உருண்டது. முதல் தூறல் முகத்தில் விழுந்ததும் யோசெபாவுக்குப் பொறுக்கவில்லை.

"லெனா!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். தோப்பு ஒரு கணம் மூச்சை அடக்கியது. பிறகு பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. மரம் மரமாக, சரிவு முழுவதும் இளஞ்சிவப்பு மொட்டுகள். யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அம்மா!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

யோசெபா ஓடினாள். சரிவின் உச்சியில் நின்ற மரத்தைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள். இந்த ஊரில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு கிராம்புக் கன்று நடுவார்கள். இது மூத்தவள் மிர்னாவின் மரம். காய்ச்சலில் அவள் போனபோது லெனா பிறக்கவே இல்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதும் இல்லை.

மரத்தடியில் லெனா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பிஞ்சு விரல்களின் தடம் சிவந்திருந்தது.

"யாருடி இது? யாரு அடிச்சா?"

"அடிக்கல மா. ஒரு அக்கா என் வாயப் பொத்திக்கிட்டா. சத்தம் போட்டா மரத்துக்கு ஆகாதாம். நீ கூப்பிட்டதும் கைய எடுத்துட்டா."

"எங்க அவ?"

லெனா மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் ஒவ்வொரு மரமும் மொட்டையாக நிற்க, இதில் மட்டும் ஒரு மொட்டுகூட உதிரவில்லை. கொத்துக் கொத்தாக, இறுக்கமாக அப்படியே இருந்தன.

"'உன்னை மட்டும் கூப்பிடுறாங்களே, என்னை ஏன் கூப்பிடல'ன்னு கேட்டா மா."

ஓத்னியேல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். திட்டுவதற்கென்றே வந்தவர், மரத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மூத்தவளையும் கூப்பிடு தாயி," என்றார். "மத்ததெல்லாம் கொட்டியாச்சு, இனிமே என்ன இருக்கு? ஒரு தடவை கூப்பிட்டுடு."

யோசெபா வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லெனாவைக் கூப்பிட்டதும் பதில் வந்ததுபோல இந்தப் பெயருக்கும் வந்துவிட்டால்?

தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றொரு கையால் லெனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மழையில் விறுவிறுவென்று இறங்கத் தொடங்கினாள்.