பதினோரு கோட்டுகள்

மாவட்ட நீர்வள அலுவலகத்தில் பதினோரு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கோட்டு. கோட்டு தொங்கினால் ஆள் வந்தாயிற்று, கொஞ்சம் வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பதினோரு பேரும் வெளியே போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சம்பளம் மட்டும் மாசம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

தினமும் காலையில் கோட்டுகளைத் தூசி தட்டுவது சிமியு. பிறகு பதினோரு பேரின் வேலையையும் அவனே பார்ப்பான், பதினோரு கையெழுத்தும் போடுவான். தினக்கூலிக்காரன். ஆனால் அரசாங்க உத்தியோகம் என்று மாமனாரிடம் சொல்லிப் பெண் கட்டியவன். "அடுத்த மாசம் நிரந்தர ஆர்டர் வந்துரும்டா" என்று மேலாளர் ஒடுவோர் சொல்லும்போதெல்லாம் நம்பினான். அவனை எதில் சேர்ப்பது!

முன்பெல்லாம் தணிக்கைக்கு வந்தவர்கள் கோட்டுகளை எண்ணுவார்கள், சுட்ட ஆட்டுக்கறி தின்பார்கள், போய்விடுவார்கள். இந்த முறை நைரோபியிலிருந்து வந்தது மோசடியைத் தோண்டியெடுக்கும் தடயவியல் தணிக்கை. வந்த முத்தேயு என்ற அம்மாள் டீயைக்கூட வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள். அதிலேயே ஒடுவோருக்குப் பாதி உயிர் போயிற்று.

அவள் ஒரு கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷமா போடுறாங்க, ஒரு வேர்வைக் கறைகூட இல்லையே?"

"எங்க ஆளுங்க ரொம்ப சுத்தம் மேடம்" என்றார் ஒடுவோர்.

"நல்லது. ரெண்டு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. அவங்கவங்க கோட்ட மாட்டிக்கிட்டு நிக்கட்டும்."

ஒடுவோர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். பைக் டாக்சிக்காரர்கள், சோளம் சுடுகிறவர், சுமை தூக்குகிறவர் என்று பதினோரு பேரை அள்ளிக்கொண்டு வந்தார். முதல் ஆளுக்குக் கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"என்னய்யா இது?"

"வளந்துட்டேன் மேடம்."

அடுத்தவர் கோட்டுக்குள் காணாமலே போனார்.

"நீங்க?"

"கவலைல இளைச்சுட்டேன் மேடம்."

சிமியு மூலையில் நின்று சிரிப்பை அடக்கினான். அடக்கியும் பயனில்லை. முத்தேயு அவனைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க வாங்க. இத மாட்டுங்க."

அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. பதினொன்றும் அப்படியே.

"எல்லாம் யாரு வாங்குனது?"

"நான்தான் மேடம். பழைய துணி மூட்டைக் கடைல. போட்டுப் பாக்காம எப்படி வாங்குறது?"

ஒடுவோர் தலையில் கை வைத்துக்கொண்டார். முத்தேயு பதிவேடுகளை விரித்தாள்.

"இந்த வேலையெல்லாம்?"

சிமியுவுக்குத் தெரிந்துவிட்டது. ஜெயில் நிச்சயம். ஆனாலும் ஒன்பது வருஷ உழைப்பை இன்னொருத்தன் பேரில் விட மனசு வரவில்லை.

"நான்தான் மேடம். ஒரு தப்பு கண்டுபிடிங்க பாப்போம்!"

"தப்பே இல்ல, பாத்துட்டேன்." அவள் கணினியில் விரலை ஓட்டினாள். "ஆனா உங்க பேரு எங்கயும் இல்லையே. தினக்கூலிப் பட்டியல்லகூட இல்ல."

சிமியு ஒடுவோரைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆர்டர் வந்துரும்னீங்களே சார்?"

ஜெயிலுக்குப் போனாலும் அரசாங்க ஊழியன் என்று போக முடியாது போலிருக்கிறதே! எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். முத்தேயு அத்தனையையும் எழுதி, தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"கீழ கையெழுத்துப் போடுங்க."

பேனா பழக்கத்தில் வேகமாக ஓடியது. முத்தேயு குனிந்து பார்த்தாள்.

"இது மூணாவது நாற்காலிக்காரர் கையெழுத்து. உங்களது?"

சிமியு அதை அடித்தான். தன் கையெழுத்து எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினான்.