மூன்றாவது அட்டெம்ப்டுக்குப் பூ கேட்டது

நான் நீட் தேர்வை இரண்டு முறை எழுதியவள். முதல் முறை 318. பிறகு ஒரு வருடம் நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் விடுதியில் கிடந்து, காலையில் ஒரு டெஸ்ட், மாலையில் ஒரு டெஸ்ட் என்று வட்டங்களைக் கறுப்பாக்கியே விரல் காய்த்து, 402 வாங்கினேன். ரிசல்ட் வந்த அன்று அப்பா திட்டவில்லை. கணக்குப் போட்டார். ஒரு வருடத்தில் எண்பத்து நான்கு மார்க் ஏறியிருக்கிறது. இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்தால் 486, அதற்கும் அடுத்த வருடம் 570. தென்னங்கன்று வைத்தால் ஐந்தாம் வருடம் பாளை விடும் என்கிற மாதிரிக் கணக்கு. பிசிக்ஸ் அப்படியெல்லாம் காய்க்காது என்று அவருக்கு யார் சொல்வது?

அப்பா தம்பிதுரைக்கு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மூன்று வருடமாகத் தோப்பில் வெள்ளை ஈ. மட்டையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரரைக் கேட்பார், வாட்ஸ்அப்பில் தெரியாத ஆட்களைக் கேட்பார், தென்னைக்கு வைத்தியம் தெரிந்த ஒரு மனுசன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லையே என்று தினமும் சோற்றுத்தட்டின் முன்னால் புலம்புவார். அதைத்தான் நான் படிக்கிறேன் என்று மகள் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

"அக்ரி படிச்சுப்போட்டு வரப்புல நிக்கறதுக்கா கண்ணு உன்னைய இங்கிலீசு மீடியத்துல போட்டேன்?" என்று ஒருமுறை கேட்டார். அவரும் வரப்பில்தான் நிற்கிறார், அதில் வந்த காசில்தான் இங்கிலீசு மீடியம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை சீக்கிரம் முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் அவிநாசியில் இருக்கும் என் அத்தை பழனியாத்தாள். அவளுடைய மகன் மிதுன் இரண்டு வருடத்துக்கு முன்னால் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தான். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தைக்கு முன்வரிசை. அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு சீர் வீட்டுப் பந்தியில் நாலு பேர் முன்னால், எங்க ரித்திகாவும் டாக்டருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் பந்தியில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

எனக்குத் தாவரவியல் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. இளநீரும் அதற்குள் இருக்கும் வழுக்கையும் எண்டோஸ்பெர்ம் என்று பாடத்தில் வந்தபோது, விடுதியில் நூறு பேர் அதை உருப்போட்டார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை வந்தது. நான் படிக்க வேண்டியது எது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆகவே பிளஸ் டூ மார்க்கை வைத்து, யாரிடமும் சொல்லாமல், கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். ஓடிபி அம்மாவின் ஃபோனுக்குத்தான் வரும். அம்மா நாச்சியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஆறு எண்களையும் வாசித்துவிட்டுப் பருப்பு கடையப் போய்விட்டாள். அம்மா அப்படித்தான், வீட்டில் அவள் பேசி நான் பார்ப்பதே அபூர்வம்.

சீட் கிடைத்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்து, நிதானமாகப் பேசினார்.

"நானும் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கெழமை ஆத்தாளக் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எல்லாவற்றுக்கும் குலதெய்வத்திடம் பூ கேட்பது உண்டு. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து, வெளியே தெரியாமல் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கலைத்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் நான் மூன்றாவது முறை நீட் எழுத வேண்டும். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். நீட்டில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நாலில் ஒரு வாய்ப்பு, தப்பினால் மைனஸ் ஒன்று. ஆத்தாளிடம் இரண்டில் ஒன்று, மைனஸும் கிடையாது. நான் ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனவள், அப்பா பூப்பறிப்பதைப் பார்த்தேன். வெள்ளை அரளியில் இரண்டு கொத்து. செவ்வரளிப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு வாழையிலைத் துண்டுகளிலும் வெள்ளையையே வைத்து, உரச்சாக்கிலிருந்து பிரித்த நூலால், கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு பயபக்தியோடு பூஜையறைத் தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

விடை தெரியாவிட்டால் தப்பான விடைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வா என்று கோச்சிங்கில் சொல்லிக் கொடுப்பார்கள். அப்பா கோச்சிங் போகாமலே கற்றிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னிடம் ஏமாற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாமியிடம் போய் இப்படியா? அந்த நியாயமான கோபத்தோடு மோட்டார் ரூம் ஓரத்துச் செவ்வரளியில் இரண்டு கொத்துப் பறித்தேன். அதே இலை, அதே சாக்கு நூல். இரண்டு பொட்டலம் கட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் வந்தாள். கோயிலில் இறங்கியதும் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவளும் அப்பாவும் குழாயடியில் கால் கழுவப் போனார்கள். அரை நிமிடம் போதுமாக இருந்தது. அப்பாவின் பொட்டலங்கள் என் பைக்குள் போயின, என்னுடையவை தட்டுக்கு வந்தன.

பூசாரி கற்பூரம் காட்டி, பொட்டலங்களைக் கலைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

 அப்பா பூவைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். பிறகு மெல்ல இன்னொரு பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினார். அதுவும் சிவப்பு என்று தெரிந்தால் பூசாரியே என்னைச் சும்மா விடமாட்டார்.

"ஏனுங்க," என்றாள் அம்மா. "ஆத்தா வாக்குச் சொன்னதுக்கப்பறம் இன்னொண்ணெப் பிரிக்கக் கூடாதுங்க." சொல்லிக்கொண்டே அந்தப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுடைய பக்தி என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன்.

அம்மா கோயிலைச் சுற்றி வரப் போனபோது அப்பா என்னைக் காருக்கு அந்தப்பக்கம் கூப்பிட்டார்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்டச் சொல்லீராத. அவ சாமி காரியத்துல சுத்தமானவ, தாங்க மாட்டா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டுலயும் நான் வெள்ளைதான் வெச்சேன். ஆத்தா மாத்திப்போட்டா அம்மணி. என் கண்ணு முன்னாலயே செவப்பாக்கிப்போட்டா."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். ஆத்தாளையே ஏமாற்றப் பார்த்தேனே, உன் மனசைக் கேட்காமல் ஒரு வருடத்தைப் பாழாக்கினேனே என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, பாவமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணியும் ஞாபகத்தில் இருந்தது. நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். நான் பொட்டலங்களைப் பிரித்துப் பூவைத் தனியாக, இலையைத் தனியாகக் குப்பையில் போட்டுவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். முடிச்சை அவிழ்க்கக் கத்தியைத் தேடிக்கொண்டே நூலை லேசாக இழுத்தேன். அவிழ்ந்துவிட்டது. அப்பா போட்ட முடிச்சு என்றால் பல்லால் கடித்தாலும் அவிழாதே என்று யோசித்தபடியே இலையை விரித்தேன்.

உள்ளே செவ்வரளி. அடுத்ததையும் பிரித்தேன். அதிலும் செவ்வரளி. நூலைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சரம் தொடுக்கும் சுருக்குமுடிச்சு. இந்த வீட்டில் அதைப் போடத் தெரிந்தவள் ஒருத்திதான்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்துக் கோயில் பொட்டலத்தை எடுத்து அதன் முடிச்சைப் பார்த்தாள். அது அவள் போட்டதல்ல.

"நீ என்ன வெச்ச?"

"செவப்புங்கம்மா."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தானுங்க."

அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹாஸ்டல்ல இருந்து பேசறப்பெல்லாம் சாப்புட்டயான்னு கேப்பேன், சாப்புட்டேம்ப. லீவுக்கு வந்தப்பப் பாத்தா எலும்புந்தோலுமா வந்து நின்ன. அன்னைக்கே நான் முடிவு பண்ணிப்போட்டேன் அம்மணி."

"அப்பவே அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"நான் சொல்லி என்னைக்கு எடுபட்டிருக்குது? அதான் ஆத்தாள வுட்டுச் சொன்னேன்."

ஒரு வருடமாக என் பக்கம் ஒரு ஆளும் இல்லை என்று விடுதித் தலையணையில் அழுதிருக்கிறேன். அந்த அழுகைக்கெல்லாம் இப்போது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அரளி வாசம் அடித்தது.

அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா மூன்று பொட்டலங்களின் மேலும் முறத்தைக் கவிழ்த்தாள்.

அப்பா முகம் தெளிந்திருந்தது. சீட்டை இப்போதே உறுதி செய்துவிடச் சொன்னார். ஆத்தாளின் வாக்கு எப்பேர்ப்பட்டது என்று பழனியாத்தாளிடம் சொன்னாராம். எதனால் அப்படி நம்புகிறார் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அத்தைக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அவளுடைய சின்ன மகள் தேஜா பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், அண்ணனைப் போல டாக்டருக்கு விடலாமா என்று அடுத்த வெள்ளிக்கிழமை பூ கேட்க வருகிறார்களாம்.

"பொட்டலம் நீயே கட்டிரு நாச்சி. இந்தக் குடும்பத்துல உன் கைதான் சுத்தமான கை."

"கட்டிடறேனுங்க," என்றாள் அம்மா. "அந்தப் புள்ளைக்கு என்ன படிக்கோணும்னு ஆசைன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க."

"அது எதுக்கு? ஆத்தா சொல்லப்போறா."

"சொல்லுவாங்க," என்று அம்மா முறத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இருந்தாலும் கேட்டுட்டு வாங்க."