மெழுகு மூடிய தழும்பு

கதிரவன் கார்முகிலுள் முகம் புதைத்து அழுது ஓய்ந்த பிற்பகலில், ஈரம் ஊறிய கல்தெருக்கள் யாவும் குன்றின்மேல் நின்ற கன்னியர் மடத்தை நோக்கியே ஏறுவன போலத் தோன்ற, கற்றறிந்தீர், அத்தெருக்களை நிறைத்து மலரும் மெழுகுத்திரியும் ஏந்திய மாந்தர் எறும்புச் சாரையெனச் சென்றனர்! கால் நூற்றாண்டு மண்ணுள் கிடந்தும் அழியாத துறவியின் உடலைக் காணும் வேட்கை அவர்களுக்கு.

அடுமனைக்காரன் ஒருவன் மட்டும் மனைவியோடு பின்வாயிலில் நின்றான். கணவனை இழந்தபின், சிறுவனாகிய அவனைத் தன் தமையன் வீட்டில் விட்டுத் துறவு பூண்டவள் அவனுடைய தாய். கல்லறையில் நட்ட பெயர்ப்பலகை மட்கிப்போனமையால், உடல் அவளுடையதே என்று உறவினர் ஒருவர் சான்றுரைக்க வேண்டும். உரைத்தால் மக்கள் வணங்கக் கண்ணாடிப் பேழை, மறுத்தால் மீண்டும் மண். மடத்தின் நெறி அது.

“மாமியார் இல்லாத வீடுன்னு நம்பித்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். இப்ப பாருங்க, மண்ணத் தட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க!” என்றாள் மனைவி, அவன் கையைப் பற்றியபடி.

“சும்மா இருடி. அந்தத் தழும்ப மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

தவழும் பருவத்தில் எரியும் அடுப்பின் வாய்க்குள் சரிந்த அவனை இழுத்தெடுத்தபோது, தாயின் மணிக்கட்டில் தீ பதித்த தழும்பு அது. விட்டுச் சென்றவள் ஒருகாலத்தில் தன்னை நேசித்தாள் என்பதற்கு அவனுக்கு எஞ்சிய ஒரே சான்றும் அதுவே.

உள்ளே, இளமை மாறாது உறைந்துபோன தாயின் முன் தலைநரைத்த மகன் நின்றான். அவள் அவனுக்குத் தங்கை போலிருந்தாள். குனிந்து மணிக்கட்டைப் பார்த்தான். பளிங்குபோல் வழுவழுப்பாயிருந்தது.

“இங்க ஒரு தழும்பு இருக்கணுமேம்மா?” என்றான், அருகில் நின்ற மடத்துத் தலைவியிடம்.

“அதுவா தம்பி?” என்று அவள் முகம் மலர்ந்தாள். “மண்ணு அரிச்ச புண்ணுன்னு நெனச்சு, நாங்கதான் மெழுகு வெச்சு நெரவிட்டோம். இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!”

“கொஞ்சம் சுரண்டிப் பாக்கட்டுமா?”

“ஐயையோ! திருமேனியில நகம் படலாமா?”

நகம் படலாகாத அம்மேனியின் பின்தலையோ ஒருபுறம் மொட்டையாய்க் கிடந்தது. அவன் பார்வையைக் கண்ட தலைவி, “வேண்டிக்கிட்டவங்க ஆளுக்கு ரெண்டு முடி கேட்டாங்க. மாட்டேன்னா சொல்ல முடியும்?” என்றாள்.

மொட்டையான பகுதியின் கீழே, மடல் சற்றே மடிந்த சிறு காது தெரிந்தது. அடுமனைக்காரன் அதையே நெடுநேரம் நோக்கினான்.

“சொல்லுங்க, உங்க அம்மாதானே?” என்றார் ஆய்வுக்கு வந்த அருட்தந்தை.

“இல்லைங்கய்யா. இவங்க யாருன்னே எனக்குத் தெரியல.”

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “நெசமாவே அவங்க இல்லையா?”

“காது அப்படியே நம்ம பொண்ணு காது.”

எதற்கும் சொல்லொன்று வைத்திருக்கும் அவள், மீண்டும் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

அன்று மாலையே, கூட்டம் முணுமுணுத்துக் கலைய, பெயரில்லாப் பிணமென அவளைப் புதைத்தனர். அயலான் என்று தானே சொல்லிக்கொண்டவன் பிடி மண் இடவும் உரிமையற்று, மதிலுக்கு வெளியே நின்று மண்வெட்டியின் ஓசையைக் கேட்டான். அழியாமையே அருள் என்று உலகம் கைகூப்பும்; ஆயினும் எல்லார் தாயரும் துயிலும் மண்ணில், எல்லார் தாயரையும்போல் மெல்ல மெல்ல மறைந்துபோகும் அமைதியைத் தன் தாய்க்கு ஈந்த அம்மகன், அதற்கு விலையாக, அவள் மகன் என்னும் பெயரையே கொடுத்துவிட்டு, மீண்டும் பிடித்த மழைக்குள் இறங்கி நடந்தான்.