முதற்காட்சியில் ஒரு பிரேதம்

1.
இந்தக் கதை தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். 1991, லண்டனில் மிச்சம் என்ற புறநகர். நான் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிறு மாலைகளில் கீழே ஒரு பழங்காலத் துப்பறியும் நாடகம் ஓடும். துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கிடையாது. பழைய கார்கள், தேநீர்க் கோப்பைகள், குரலை உயர்த்தாத ஓர் இன்ஸ்பெக்டர். வீட்டுக்காரர் செபமாலைமுத்து அண்ணை கொலைகாரனை முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒருநாளும் சரிவந்ததில்லை.

அவர் மனைவி மரியநாயகி அக்கா முதற் பகுதியை மட்டும் பார்ப்பார். பிரேதத்தைக் கண்டெடுத்து வெள்ளைத் துணி போர்த்தியதும் எழுந்து சமைக்கக் குசினிக்குப் போய்விடுவார்.

2.
முதல் வரைவு: "மரியநாயகிக்கு இரத்தம் என்றால் பயம், அதனால்..."

(பொய். அவர் மீன் வெட்டி நீங்கள் பார்த்ததில்லை.)

அடுத்தது: "மரியநாயகிக்கு ஆங்கிலம் விளங்காது, ஆகவே..."

(இதுவும் பொய். எங்களுக்காகக் கவுன்சில்காரரோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பவரே அவர்தான்.)

பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தால் அதனிடமே கேட்டுவிடுவது நல்லது. கேட்டேன்.

"முடிவைப் பாக்காமல் ஏனக்கா எழும்பிப் போறனீங்கள்?"

"ஆர் செய்தவன் எண்டது எனக்கெதுக்கு? ஆளைக் கண்டெடுக்கிறாங்கள் எல்லே, அதைத்தான் பாக்கிறனான்." கத்தரிக்காய் வெட்டியபடியே சொன்னார். "கவனிச்சனீரே, செத்தவன்ரை தமக்கையோடை கதைக்கேக்கை அந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழட்டிப்போட்டுத்தான் கதைக்கிறான்."

3.
அக்காவின் தம்பி யாக்கோப்பை முந்தின வருடம், யுத்தம் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில், ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அக்கா அனுப்பிய நீலச் சட்டை போட்டிருந்தான். அவ்வளவுதான் தெரியும். தொப்பியோடோ தொப்பி இல்லாமலோ எவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் வந்தது. இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்கும் மாதம்.

"இஞ்சரப்பா, யாக்கோப்புக்கும் ஒரு பூசை குடுப்பம்" என்றார் அண்ணை, மெல்ல.

"செத்த ஆத்துமாவுக்கோ?"

அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பிரேதத்தைக் காணாமல் குடுக்கமாட்டன். குடுத்தால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரி."

[இங்கே ஒரு கட்டுரை வருவதாக இருந்தது: அடக்கமான நாடகங்களின் கவர்ச்சி என்னவென்றால், ஒரேயொரு சாவுக்காக ஓர் ஊரே நின்று... வேண்டாம். தொப்பியைப் பற்றி அக்கா சொன்னது போதும்.]

4.
முடிவுகள். ஒன்றில் யாக்கோப்பு ஹீத்ரோவில் வந்து இறங்குகிறான். கிழித்துவிட்டேன். உங்களை ஏமாற்றலாம், அக்காவை ஏமாற்ற முடியாது.

மற்றதில் அவனைக் கண்டெடுக்கிறார்கள். இங்கேயும் ஊரிலும் உள்ள இரண்டு அரசாங்கங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் செய்யாததை நான் ஒரு வரியில் செய்துவிடலாம். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது. குசினிக்குப் போய், காய் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் உத்தரவு கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார்.

"எழுதும். வடிவாப் போர்த்திவிடும்."

நான் படியேறப் போகையில் கூப்பிட்டார்.

"இல்லை. எழுதாதையும்."

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5.
வரி இதோ, நின்ற இடத்திலேயே நிற்கிறது:

"உப்பளத்துக்கு அப்பால், தாழம்பற்றைக்குள், நீலச் சட்டை போட்ட"

நீங்கள் முடிக்கலாம், முடிக்காமலும் விடலாம். முடிப்பதானால், அக்கா கீழே குசினியில்தான் இருக்கிறார். நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள்.